போதகர் ஜேம்ஸ் கிளீவ்லண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்கக் கறுப்பினச் சபைகளில் பிறந்த காஸ்பல் இசையை, நாலைந்து பேர் நின்று பாடும் குழுக்களின் கையிலிருந்து வாங்கி, அங்கி அணிந்த பெரிய குவையரின் (பாடகர் குழுவின்) கையில் கொடுத்தவர். பாடகர், பியானோ கலைஞர், பாடலாசிரியர், பாப்டிஸ்ட் போதகர். 1931 டிசம்பர் 5 அன்று சிகாகோவில் பிறந்தார். 1991 பிப்ரவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். சில பழைய குறிப்புகளில் பிறந்த ஆண்டு 1932 என்று இருக்கும். முதலில் அவரைக் காஸ்பலின் பட்டத்து இளவரசர் என்றார்கள், பிறகு ராஜா என்றார்கள்.

அவரைப் பாடகராக மட்டும் பார்த்தால் பாதிதான் பிடிபடும். அவருடைய குரல் அழகான குரல் அல்ல. அந்தக் குறையைச் சுற்றித்தான் அவர் செய்ததெல்லாம் வளர்ந்தது. கீழே உள்ள பல பதில்கள் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கும்.

காஸ்பல் என்பது நம் சபைகளில் பாடும் பாமாலை, கீர்த்தனை போன்றதா?

பொருளில் உறவு, பாடும் முறையில் தூரம். பாமாலையில் மெட்டு எழுதி வைத்தபடி நிற்கும். காஸ்பலில் மெட்டு ஒரு கொடிக்கம்பி மாதிரி. அதில் என்ன காயப்போடுவது என்பது பாடுகிறவர் விருப்பம். தனிப்பாடகர் ஒரு வரி சொல்வார், குவையர் பதில் சொல்லும், சபை நடுவில் குரல் கொடுக்கும். மெதுவான பாடல்களில் தாளம் பெரும்பாலும் ஒவ்வோர் அடியும் மூன்றாக உடையும். கர்நாடக இசை தெரிந்தவர்கள் திஸ்ர நடை என்று எண்ணிக்கொண்டால் சட்டென்று பிடிபடும்.

1930களில் சிகாகோவில் தாமஸ் டார்சி இதற்கு அடித்தளம் போட்டார். அவர் முன்னாள் ப்ளூஸ் பியானோ கலைஞர். அதனாலேயே ஆரம்பத்தில் பல சபைகள் இந்த இசையை உள்ளே விடவில்லை. சாராயக்கடைச் சத்தத்தை ஆலயத்துக்குள் கொண்டுவருகிறார் என்பது குற்றச்சாட்டு.

கிளீவ்லண்டுக்கு டார்சியோடு என்ன தொடர்பு?

டார்சி இசைப்பொறுப்பில் இருந்த பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில்தான் சிறுவன் ஜேம்ஸ் வளர்ந்தான். எட்டு வயதில் அங்கே தனியாகப் பாடினான். அதே சபையில் பியானோ வாசித்த ராபர்ட்டா மார்ட்டினின் கைவிரல்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றான். வீட்டில் பியானோ வாங்க வசதியில்லை. ஜன்னல் விளிம்பைக் கட்டைகளாக வைத்துக்கொண்டு விரல் பழகியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். பதின்வயதில் அவர் எழுதிய பாடல்களை ராபர்ட்டா மார்ட்டினின் குழு பாடத் தொடங்கியது. பாடகராகப் பெயர் எடுப்பதற்கு முன்பே பாடலாசிரியர் ஆகிவிட்டார். வாழ்நாளில் எழுதியவை 400க்கு மேல் என்பது பொதுவான கணக்கு.

அவர் குரல் ஏன் அப்படிக் கரகரக்கிறது? வேண்டுமென்றே செய்வதா?

இல்லை. சிறுவயதில் அது உச்சஸ்தாயிக் குரல். உடையும் பருவத்தில், ஒலிபெருக்கி சரியாக இல்லாத ஆலயங்களில், அடங்காமல் பாடித் தள்ளியதில் குரல் நிரந்தரமாகக் கெட்டது. கெட்டது என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்து காஸ்பல் மேடையில் புகழ்பெற்ற பாடகி மகலியா ஜாக்சனின் குரல் அளவுகோலாக இருந்தது. அதன் பக்கத்தில் சரளைக்கல் உரசுகிற மாதிரியான ஒரு குரலோடு நிற்க வேண்டிய நிலை அவருக்கு.

அவர் இரண்டு வழிகளில் சமாளித்தார். ஒன்று, பேச்சையும் பாட்டையும் கலந்தார். வரியின் முதல் பாதியைப் பிரசங்கம் மாதிரி சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் ஸ்வரத்தில் கொண்டுபோய் வைப்பார். இரண்டு, தன்னால் எட்ட முடியாத உயரத்தைக் குவையரிடம் ஒப்படைத்தார். அவர் கீழே நின்று கேள்வி கேட்பார். முப்பது நாற்பது பேர் மேலே ஏறிப் பதில் சொல்வார்கள். கரகரப்பான ஒற்றைக் குரலுக்கும் மழுமழுப்பான கூட்டுக் குரலுக்கும் உள்ள இந்த முரண்தான் அவர் இசையின் முத்திரை.

தனியாகப் புகழ்பெறுவதற்கு முன் என்ன செய்தார்?

1950 வாக்கில் காஸ்பலேர்ஸ் என்ற சிறு குழு, அது நீடிக்கவில்லை. பிறகு அல்பர்ட்டினா வாக்கர் நடத்திய கேரவன்ஸ் குழுவில் பியானோவும் இசையமைப்பும். ஷெர்லி சீசர், ஐனஸ் ஆண்ட்ரூஸ் போன்றோர் பாடிய குழு அது. பெண் குரல்கள் பின்னால் ஒலிக்க, பாட்டுக்கு முன்னே பேச்சு வைக்கும் உத்தியை அங்கேதான் நன்றாகத் தீட்டிக்கொண்டார். குழுவை விட்டுப் போவதும் திரும்ப வருவதுமாகச் சில ஆண்டுகள் ஓடின.

அரெத்தா ஃப்ராங்க்ளினுக்கு அவர்தான் குருவா?

பின்னாளில் சோல் இசையின் ராணி என்று பெயரெடுத்த பாடகி அரெத்தாவுக்கு அவர் ஒரே குரு அல்ல, குருமார்களில் ஒருவர். டெட்ராய்ட்டில் அரெத்தாவின் தந்தை சி. எல். ஃப்ராங்க்ளின் போதகராக இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையில் கிளீவ்லண்ட் இசைப்பொறுப்பு வகித்தார். அந்த வீட்டிலேயே சில காலம் தங்கினார். அப்போது அரெத்தா சிறுமி. பியானோவில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) காதால் கேட்டுப் பிடிப்பது, அக்காள் தங்கைகள் குரல் பிரித்துப் பாடுவது ஆகியவற்றில் கிளீவ்லண்டின் கை உண்டு. காஸ்பல் பாடகி கிளாரா வார்டின் பாதிப்பும் அரெத்தாவிடம் அதே அளவு வலுவானது. அதைச் சொல்லாமல் கிளீவ்லண்டை மட்டும் சொல்வது நியாயமில்லை.

டெட்ராய்ட்டில்தான் வாய்ஸஸ் ஆஃப் டாபர்நாக்கிள் என்ற குவையரோடு அவர் செய்த பதிவு, 1960ஐ ஒட்டி, நாடெங்கும் பரவியது. குவையரை முன்னால் வைத்தால் தன் குரல் விற்கும் என்பது அவருக்கு உறுதியானது அந்த இசைத்தட்டில்தான்.

குவையரைப் பதிவு செய்தவர்களில் அவரே முதல்வரா?

இல்லை. இந்தத் தவறு நிறைய இடங்களில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் செயின்ட் பால் பாப்டிஸ்ட் சபையின் குவையர் 1947லேயே கேபிடல் நிறுவனத்துக்காகப் பாடிவிட்டது. கிளீவ்லண்ட் செய்தது வேறு: குவையர் இசைத்தட்டை ஒரு சந்தையாக மாற்றினார். அவருக்குப் பிறகு, ஒவ்வோர் ஊர் குவையருக்கும் தனக்கென்று ஒரு தட்டு வேண்டும் என்ற ஆசை வந்தது.

‘பீஸ் பி ஸ்டில்’ தட்டு ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

1963 செப்டம்பர் 19, வியாழக்கிழமை இரவு, நியூ ஜெர்ஸியின் நியூவர்க் நகரில் அது பதிவானது. பழைய பட்டியல்கள் சிலவற்றில் 1962 என்று இருக்கும், அது பிழை. பாடியது நட்லி ஊரின் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையின் ஏஞ்சலிக் குவையர். அந்தச் சபையின் சொந்தக் கட்டடத்தில் வேலை நடந்துகொண்டிருந்ததால், நியூவர்க்கில் ஒரு செவன்த் டே அட்வெண்டிஸ்ட் ஆலயத்தில் பதிவு வைத்தார்கள். போதகர் லாரன்ஸ் ராபர்ட்ஸ் சபையையும் கவனித்தார், சவோய் நிறுவனத்துக்கு காஸ்பல் தட்டுகளையும் தயாரித்தார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருந்ததால் காரியம் சுலபமாக முடிந்தது.

தேதியைக் கவனியுங்கள். அதற்கு நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 15 ஞாயிறு, அலபாமாவின் பர்மிங்ஹாமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். தட்டில் அதைப் பற்றிய பாட்டு எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரம் ஒரு கறுப்பினச் சபை கூடி, புயலை அடக்கச் சொல்லிப் பாடுகிறது என்றால், கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பாடல் அவர் எழுதியதல்ல. 1874இல் சிகாகோவைச் சேர்ந்த மேரி ஆன் பேக்கர் எழுதி, ஹொரேஷியோ பாமர் மெட்டமைத்த பழைய பாமாலை. தன் சகோதரரின் சாவுக்குப் பின், கடவுள் மேல் கோபத்தோடு இருந்து மீண்டவர் பேக்கர். படகில் இயேசு தூங்க, சீடர்கள் பதறுகிற மாற்கு 4ஆம் அதிகாரம்தான் களம். தமிழ் வேதாகமத்தில் 39ஆம் வசனம்: ‘இரையாதே, அமைதலாயிரு.’ ‘இரைதல்’ என்ற அந்தக் கடற்கரைச் சொல்லில் உள்ள சத்தம் ஆங்கில வசனத்தில் கிடையாது. தமிழில் படித்துவிட்டுத் தட்டைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

அதைக் கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் கேட்பில் கிளீவ்லண்டை விட்டுவிடுங்கள்; குவையரை மட்டும் கேளுங்கள். ஒலியின் அளவை அவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றும் அலையும் வரும் இடத்தில் முழுக் குரல். அமைதி என்ற சொல் வரும் இடத்தில் திடீரென்று கிசுகிசுப்பு. அதே சொல்லைத் திரும்பச் சொல்லிச் சொல்லி மறுபடி மேலே ஏறுவது. இரண்டாம் கேட்பில் ஆர்கனைத் தொடருங்கள். மூன்றாவதில் சபையார் எங்கே குரல் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டூடியோவில் வெட்டி எறியும் அந்தச் சத்தத்தை இங்கே இசையின் பகுதியாகவே விட்டுவைத்தார்கள். ஸ்டூடியோ வாடகை மிச்சம் என்ற கணக்கும் ஆலயத்தில் பதிவு செய்ததற்கு ஒரு காரணம். சவோய் தாராளமாகச் செலவழித்த நிறுவனம் அல்ல.

அவர் உண்மையிலேயே போதகரா, அல்லது அது மரியாதைப் பட்டமா?

உண்மையான போதகர்தான். இங்கே நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். தென்னிந்தியத் திருச்சபை போன்ற அமைப்புகளில் இறையியல் கல்லூரி, பேராயர், குருப்பட்டம் என்ற வரிசை உண்டு. பாப்டிஸ்ட் மரபில் பேராயர் கிடையாது. உள்ளூர்ச் சபையே ஒருவருக்கு அழைப்பு இருப்பதாக ஏற்று, முதலில் ஒரு சோதனைப் பிரசங்கம் செய்யச் சொல்லும். திருப்தியானால் பிரசங்கிக்க அனுமதி. பிறகு பிற போதகர்கள் சேர்ந்து கேள்வி கேட்டு, கை வைத்து ஜெபித்து அபிஷேகம் செய்வார்கள். கிளீவ்லண்ட் 1960களில் இந்த வழியில் போதகரானார்.

இன்னொரு குழப்பம்: ‘மினிஸ்டர் ஆஃப் மியூசிக்’ என்ற பதவி. அது இசைப்பொறுப்பாளர்; குவையர் பயிற்சி, ஞாயிறு பாடல் தேர்வு, வாத்தியக்காரர் ஏற்பாடு ஆகியவை அவர் வேலை. அபிஷேகம் பெற்றிருக்க வேண்டிய அவசியமில்லை. கிளீவ்லண்ட் நெடுநாள் இந்த வேலையில் இருந்தவர், பிறகுதான் பிரசங்க பீடத்துக்கு வந்தார். வாழ்க்கைக் குறிப்புகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருப்பார்கள்.

அவர் தொடங்கிய சபை எது?

1970இல் லாஸ் ஏஞ்சலஸில் கார்னர்ஸ்டோன் இன்ஸ்டிடியூஷனல் பாப்டிஸ்ட் சபை. பெயரின் நடுவில் உள்ள சொல்லுக்கு, ஆராதனையோடு சமூகப் பணிகளையும் நடத்தும் சபை என்று பொருள். கறுப்பினச் சபைகளில் அது பழைய வழக்கு. சில டஜன் பேரோடு தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கொண்ட சபையாக வளர்ந்தது. கச்சேரிப் பயணங்களுக்கு நடுவே சபையை நடத்துவது எளிதான காரியமல்ல. ஊரில் இருக்கும் ஞாயிறுகளைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் பயணங்கள் குறைந்தன, தெற்குக் கலிஃபோர்னியா கம்யூனிட்டி குவையரோடு செய்த பதிவுகள் கூடின. 1969இல் அவர் கூட்டிய குவையர் அது.

காஸ்பல் மியூசிக் வொர்க்‌ஷாப் என்றால் என்ன? அதை ஏன் அவருடைய பெரிய சாதனை என்கிறார்கள்?

எங்கள் கணக்கில் அவர் பாடிய எல்லாவற்றையும் விட இதுதான் பெரிது. 1967இல் யோசனை, 1968 ஆகஸ்டில் டெட்ராய்ட்டில் முதல் மாநாடு. முழுப்பெயர் காஸ்பல் மியூசிக் வொர்க்‌ஷாப் ஆஃப் அமெரிக்கா. அன்று முதல் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வாரம்.

ஒரு வாரம் எப்படி நடக்கும் என்றால்: பல மாநிலங்களில் உள்ள கிளைகள் தங்கள் பாடகர்களோடு ஒரு நகரில் கூடும். பகலில் வகுப்புகள்: குரல் பயிற்சி, குவையர் நடத்துவது, ஆர்கன், பாடல் எழுதுவது, வியாபாரப் பக்கம். மாலையில் ஆராதனையும் கச்சேரியும்; அது நள்ளிரவு தாண்டியும் ஓடும். இதற்கு நடுவே புதுப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து, பல நூறு பேர் கொண்ட பெருங்குவையருக்குக் கற்றுக்கொடுத்து, வார முடிவில் பதிவு செய்வார்கள்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வாரம் முடிந்ததும் ஒவ்வொருவரும் பத்துப் பதினைந்து புதுப் பாடல்களைத் தலையில் சுமந்துகொண்டு தங்கள் ஊருக்குப் போவார்கள். அடுத்த ஞாயிறே தங்கள் குவையருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வானொலி இல்லாமலே ஒரு பாட்டு நாடு முழுக்கப் பரவிவிடும். பெயர் தெரியாத இளைஞன் எழுதிய பாட்டும் அப்படிப் பரவும். ஜான் பி. கீ, கிர்க் ஃப்ராங்க்ளின் போன்றோருக்கு ஆரம்ப வெளிச்சம் இந்த வாசலில்தான் கிடைத்தது. டார்சி 1930களில் தொடங்கிய குவையர் மாநாடு இதற்கு முன்மாதிரி. ஆனால் அதில் இசைத்தட்டு இல்லை.

1972 ‘அமேசிங் கிரேஸ்’ பதிவில் அவர் பங்கு என்ன?

ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகள், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயம். அரெத்தா பாடுகிறார், கிளீவ்லண்ட் பியானோ வாசித்து, நிகழ்ச்சியை நடத்தி, சில பாடல்களில் சேர்ந்து பாடுகிறார். குவையர் அவருடைய தெற்குக் கலிஃபோர்னியா கம்யூனிட்டி குவையர். கையசைத்து நடத்தியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். இதைப் பலர் கிளீவ்லண்ட் என்றே நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அவர் கூட்டத்தைப் பார்த்து, இது ஆராதனை என்பதை நினைவூட்டுகிற விதத்தில் அவருக்குள் இருக்கும் போதகர் தெரிவார். தலைப்புப் பாடலில் அரெத்தா நீட்டிக்கொண்டு போகும்போது கிளீவ்லண்ட் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவது, அந்த இரவுகளில் எடுத்த படத்தில் இருக்கிறது.

அந்தப் படம் வெளிவர ஏன் 46 ஆண்டுகள் ஆயின?

கிளாப் பலகை அடிக்கவில்லை. அவ்வளவுதான் முதல் காரணம். இயக்குநர் சிட்னி பொல்லாக் கதைப்படக்காரர். பல கேமராக்கள், 16 மி.மீ. சுருள், ஏறத்தாழ 20 மணி நேரக் காட்சி. ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் பலகையைத் தட்டியிருந்தால், அந்தச் சத்தத்தையும் படத்தையும் பொருத்தி மற்றதை ஓட்டிவிடலாம். தட்டாததால் எந்த உதட்டசைவு எந்த ஒலிக்கு என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. உதட்டசைவைப் படிப்பவர்களை வைத்தும் பார்த்தார்கள். 1972 ஜூனில் இசைத்தட்டு வந்துவிட்டது, படம் பெட்டிக்குள் போனது. பிறகு ஆலன் எலியட் சுருள்களை வாங்கி, கணினி வழியாக ஒலியைப் பொருத்தினார். அதற்குப் பின் அரெத்தா வழக்குப் போட்டுத் தடுத்தார். 2018 ஆகஸ்டில் அவர் காலமான பின், குடும்பத்தின் சம்மதத்தோடு அதே ஆண்டு நவம்பரில் திரையிட்டார்கள்.

என்ன விருதுகள்?

அவர் பெயரில் கிராமி விருது பெற்ற தட்டுகள்: ‘இன் தி கெட்டோ’, கார்னகி ஹால் கச்சேரிப் பதிவு, ‘லார்ட், லெட் மி பி அன் இன்ஸ்ட்ருமென்ட்’, இறந்த பின் கிடைத்த ‘ஹேவிங் சர்ச்’. 1981இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம். காஸ்பல் கலைஞர்களில் முதலாவது என்று சொல்லப்படுகிறது.

எங்கள் சபைக் குவையர் இந்தப் பாணியில் ஒரு பாட்டாவது பாட வேண்டும். எப்படித் தொடங்குவது?

முதலில் நான்கு குரலை மறந்துவிடுங்கள். கறுப்பினக் காஸ்பல் குவையர் பெரும்பாலும் மூன்று குரல்தான்: சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்). பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) கிடையாது. ஆண்கள் அனைவரும் டெனர் பாடுவார்கள். கீழ்ஸ்வர வேலையை ஆர்கனின் பெடலும் பேஸ் கிட்டாரும் பார்த்துக்கொள்ளும். 30 பேர் இருந்தால் 12 சோப்ரானோ, 10 ஆல்ட்டோ, 8 டெனர் என்று பிரிக்கலாம். டெனர் எப்போதும் சத்தமாகக் கேட்கும், அதனால் குறைவு போதும்.

தாளைக் கொடுக்காதீர்கள். நடத்துபவர் ஒரு வரியை சோப்ரானோவுக்குப் பாடிக்காட்டி மூன்று முறை திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு அதே வரி ஆல்ட்டோவுக்கு, பிறகு டெனருக்கு, பிறகு மூவரும் சேர்ந்து. அடுத்த வரிக்குப் போவது அதற்குப் பின். ஒரு பாட்டுக்கு 40 நிமிடம் போதும். தாளைப் பார்த்துப் பாடுகிற கண் நடத்துபவரின் கையைப் பார்க்காது. இந்த இசையில் எத்தனை முறை திரும்பப் பாடுவது என்பதை அந்தக் கைதான் அந்த நிமிடத்தில் முடிவு செய்கிறது.

பாட்டின் கடைசிப் பகுதிக்கு ‘வாம்ப்’ என்று பெயர். 4 அல்லது 8 பார் (தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு சொற்றொடரைச் சுற்றிச் சுற்றிப் பாடுவது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு மாற்றம் வேண்டும்: டெனர் மட்டும், ஆல்ட்டோ சேர, சோப்ரானோ சேர, எல்லோரும் மெதுவாக, பிறகு குரல் மாற்றம். குரல் மாற்றம் என்றால், சோப்ரானோ பாடிய ஸ்வரத்தை ஆல்ட்டோ எடுத்துக்கொள்ளும், ஆல்ட்டோ பாடியதை டெனர் எடுத்துக்கொள்ளும், சோப்ரானோ கார்டின் அடுத்த ஸ்வரத்துக்கு ஏறும். அதே கார்டுதான், ஆனால் கூரை தூக்கியது போல் இருக்கும். இதற்கு மேல் அரைஸ்வரம் சுருதி ஏற்றுவதும் உண்டு.

சுருதியை முடிவிலிருந்து எண்ணித் தேர்ந்தெடுங்கள். கடைசிக் குரல் மாற்றத்தில் சோப்ரானோ எந்த ஸ்வரத்தில் நிற்பார்கள், அதை அவர்களால் இரண்டு நிமிடம் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து கீழே இறங்கித் தொடக்கச் சுருதியை வையுங்கள். முன்னாலிருந்து எண்ணினால் பாதியில் குரல் தீர்ந்துவிடும்.

எங்கே தவறு நடக்கும்?

கைதட்டலில். நம் சபைகளில் கை இயல்பாக 1, 3 ஆகிய அடிகளில் விழும். இந்த இசையில் 2, 4. குவையர் மட்டும் சரியாகத் தட்டினால் போதாது, சபை எதிர்த்தட்டுத் தட்டி இழுத்துப் போய்விடும். ட்ரம்ஸ்காரர் ஸ்னேரை (கூர்மையாக ஒலிக்கும் சிறு முரசை) 2, 4இல் அழுத்தமாக வைக்க வேண்டும்.

அடுத்தது வேகம். மெதுவான பாட்டு தன்னையறியாமல் ஓடத் தொடங்கும், ஏனென்றால் நீண்ட ஸ்வரத்தில் மூச்சு போதவில்லை என்று பாடகர்கள் அவசரப்படுவார்கள். பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது தான் எடுக்கக் கூடாது என்ற ஒரே விதி இதைச் சரிசெய்யும்.

மைக். ஒரு பிரிவுக்கு ஒன்று, மொத்தம் மூன்று, பாடகர்களுக்கு முன்னே இரண்டு மூன்றடி தள்ளி, தலைக்குச் சற்று மேலே. மைக்குகளுக்கு இடையே உள்ள தூரம், மைக்குக்கும் பாடகருக்கும் உள்ள தூரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்கட்டும். நெருக்கினால் ஒலி குழிவிழுந்து கேட்கும். கீபோர்டு ஸ்பீக்கரைக் குவையர் மைக்கை நோக்கித் திருப்பி வைக்காதீர்கள்.

ஒரு மனக்குறை: யூடியூபைப் பார்த்து அங்கியையும் கையசைவையும் முதலில் பழகிவிட்டு, குரல் பிரிப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிற குழுக்கள் நிறைய.

தனிப்பாடகர் கிளீவ்லண்ட் மாதிரி கரகரத்துப் பாடலாமா?

வேண்டாம். அவருடையது காயம்பட்ட குரல், உத்தி அல்ல. தொண்டையை இறுக்கி அதைப் போலச் செய்தால் சில வாரங்களில் காலைக் குரல் கம்மும்; தொடர்ந்தால் குரல்நாணில் முடிச்சு விழலாம். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: வரியைப் பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவில் வைப்பது, குவையர் பதில் முடியும் வரை காத்திருப்பது, அடுத்த வரியின் சொற்களைக் குவையருக்கு ஒரு நொடி முன்பே எடுத்துக்கொடுப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

அவருடைய கடைசிக் காலம்?

கடைசி ஆண்டில் மூச்சுப் பிரச்சினையால் குரல் பெரும்பாலும் போய்விட்டது. 59 வயதில் இதயம் செயலிழந்து இறந்தார். லாஸ் ஏஞ்சலஸின் ஷ்ரைன் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடிய இறுதி ஆராதனை. இங்கிள்வுட் பார்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வொர்க்‌ஷாப் நிற்கவில்லை, அந்த ஆண்டும் கூடியது.

எந்தத் தட்டில் தொடங்குவது? தேடினால் சரியாகக் கிடைப்பதில்லையே?

1963 தட்டு ‘பீஸ் பி ஸ்டில்’ முதலில். அடுத்து அரெத்தாவோடு செய்த 1972 பதிவின் முழுவடிவம். இரண்டு இரவுகளும் தனித்தனியாக வெளிவந்துள்ளன, அதில் அவர் பேச்சும் இருக்கிறது. மூன்றாவதாகக் கார்னகி ஹால் கச்சேரி. கேரவன்ஸ் காலத்துப் பதிவுகளைக் கடைசியாகக் கேட்டால், பின்னாளில் செய்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று புரியும். சவோய் நிறுவனத்தின் காஸ்பல் சொத்து 1986இல் மலாகோ நிறுவனத்துக்குப் போனது. அந்தப் பெயரில் வரும் மறுவெளியீடுகளில் பாடல்களை வேறு வரிசையில் கலந்திருப்பார்கள், தொகுப்பைவிடப் பழைய தட்டின் பெயரையே தேடுவது நல்லது. தேடும்போது ‘ரெவரெண்ட்’ என்ற அடைமொழியைச் சேருங்கள். வெறும் ஜேம்ஸ், கிளீவ்லண்ட் என்று போட்டால் கிளீவ்லண்ட் நகர அணிக்கு ஆடிய கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ்தான் வந்து நிற்பார்.